ஊசி முனையில் ஒரு வழக்கு

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் சாலையில், புதுவைக்கு இன்னும் சுமார் 10 கிலோமீட்டர் இருக்கும்போது கிளைப் பாதையில் திரும்பினால் இரும்பை என்னும் கிராமத்தை அடையலாம். விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்தைச் சேர்ந்த சிறிய ஊர். ஊர் சிறியதாயினும் பெயர் பெரியது. திருஞானசம்பந்தர் இந்த ஊர் மாகாளத்துக்கென்றே இரண்டாம் திருமுறையில் ஒரு பதிகம் பாடியிருக்கிறார். செவ்வழிப் பண்ணில் அமைந்த பதிகம் அது. இந்நாளில் ஓதுவார்கள் யதுகுல காம்போதி இராகத்தில் பாடுகிறார்கள். சுவாமிக்கு மகாகாளேசுவரர் என்று திருநாமம். அம்மைக்குக் குயில்மொழி நாயகி என்று ஒரு பெயர். காதுக்கு இவ்வளவு இதமான பெயர் வேறெந்த ஊர் அம்மைக்கும் உண்டோ என்பது நமக்குச் சந்தேகம்தான்.

கடுவெளிச் சித்தர் ஒரு சமயம் சினந்தபோது இக்கோயில் லிங்கம் மூன்றாக வெடித்ததென்றும், பிற்பாடு செப்புத் தகட்டினால் அதை ஒன்றுசேர்த்துப் பூஜித்து வருகிறார்கள் என்றும் ஸ்தல வரலாறு சொல்கிறது. உடைந்த பொருளானாலும் தமக்கு உயர்ந்ததாயிருந்தால் அதை எறிந்துவிடாமல் கட்டி வைத்துக்கொள்ளும் வழக்கம் இவ்வூராருக்கு நெடுங்காலமாய் உண்டு என்று தெரிகிறது. நமது குடும்பத்துக்கும் பூர்வீகம் இரும்பைதான். ஆகையால் நம் வீட்டிலும் உடைந்த பொருள் ஒன்று பத்திரமாயிருந்து வந்தது. அதைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத உத்தேசம்.

அது ஒரு கிராமபோன் தட்டு. நமது பாட்டனார் 1940-களில் வாங்கியது. 10 அங்குல அகலம். நடுவில் ஒட்டியிருந்த காகிதம் பூச்சி அரித்துப் போய், பாடியவர் யார், எந்தக் கம்பெனி, என்ன பாட்டு என்று ஒன்றும் தெரியாத நிலைமை. விளிம்பிலிருந்து உள்நோக்கி ஒரு விரிசல். வெள்ளிக்கிழமை மாலைகளில் விளக்கு ஏற்றியானதும் பாட்டனார் இந்தத் தட்டைச் சுழலவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்பாராம். அவர் பாட்டனாரின் பெண், அதாவது நமது அத்தை, திண்டிவனத்தில் இருக்கிறார், வயது 88. "அது நம் ஊர்ப் பதிகம், மாகாளம், மாகாளம் என்று எவ்வளவு உருக்கமாகப் பாடுவார் தெரியுமா!" என்று அத்தை சொல்லக் கேட்டே நாம் வளர்ந்தோம்.

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு பட்டணத்துக் கடையில் கொடுத்து அந்தத் தட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றச் செய்தோம். கடைக்காரர் ஒரே மணி நேரத்தில் வேலையை முடித்துப் பணத்தையும் வாங்கிக்கொண்டார். அத்தையிடம் அதைப் போட்டுக் காட்டியபோது, பாவம், அவர் முகம் வாடிவிட்டது. "என்னப்பா இது? பாடுகிறவர் வாயில் பஞ்சை அடைத்துவிட்டுப் பாடச் சொன்னார்களா?" என்றார்.

அவர் சொன்னது மிகையன்று. கேட்டதெல்லாம் ஆகாரமும் ஓகாரமுமாய் ஒரு முழக்கம்; நடு நடுவே "மாகாளம்" என்பது மாத்திரம் தெளிந்தது. மற்றச் சொற்கள் போர்வைக்குள்ளே புதைந்து கிடந்தன. அதிலிருந்து நம் குடும்பத்தில் ஒரு வழக்கும் கிளம்பிற்று. மாகாளம் என்ற பெயருடைய தலம் இரும்பை ஒன்றுதானா? சோழநாட்டிலே அம்பர் மாகாளம் இல்லையா? பாட்டு எந்த மாகாளத்துடையது? இராகத்தைக் கொண்டு தீர்மானிக்கலாமென்றால், தட்டில் பாடியவர் எடுத்துக்கொண்டது காம்போதி. பண் முறையைப் பாராட்டாமல் மனசுக்கு இசைந்த இராகத்தில் தேவாரம் பாடுவது மேடையில் சாதாரணம். ஆகவே அந்தச் சாட்சி செல்லாமற் போயிற்று. இனி, பாட்டின் சொற்களே வந்து சாட்சி சொன்னால்தான் உண்டு.

*

ஒரு பழைய தட்டுக்காக இவ்வளவு சிரமம் எதற்கு என்று சில நேயர்கள் கேட்கலாம். தேவாரம் கிடைத்த கதையை அவர்கள் சற்றே நினைத்துப் பார்க்க வேண்டும். தில்லையில் செல்லரித்துக் கிடந்த ஏடுகளைச் சோழ மன்னரும் நம்பியாண்டார் நம்பியும் கண்டெடுத்தார்கள் என்பது யாவரும் அறிந்தது. ஏடு கிடைத்தும் பண் கிடைக்கவில்லை. ஓலையிலே எழுத்து இருக்கும். இசை எப்படி இருக்கும்? பிறகு திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணியைக் கண்டு, அவள் வாயிலாகப் பண் முறைகளை அறிந்துகொண்டார்கள் என்று புராணம் சொல்கிறது. அந்த ஒரு பெண்மணி இல்லாமற் போயிருந்தால் சொல் இருந்திருக்கும், பாட்டு இருந்திராது.

சொல்லைக் காப்பதில் நாம் குறை வைக்கவில்லை. இரும்பைக்கு அண்டையில் உள்ள புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தி. வே. கோபாலையரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1984-ல் சம்பந்தர் தேவாரத்தைப் பண் அடைவிலே அழகாக வெளியிட்டது. 2007-ல் தேவாரம் முழுவதும் கம்ப்யூட்டர் தகட்டில் ஏறிற்று. ஆனால் பாடிய குரல்களின் கதி என்ன? 1902-ல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் முதலியோர் பாடிப் பதிந்த நாள் தொடங்கி, எத்தனையோ ஆயிரம் தட்டுகள் இந்நாட்டில் வெளிவந்தன. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் பாடிய தட்டுகள் பட்டிதொட்டியெல்லாம் முழங்கின. பாரதியாரின் பாட்டுப் புத்தகங்களை 1928-ல் சர்க்கார் பறிமுதல் செய்த காலத்தில், தேசபக்திப் பாட்டைப் புத்தகம் இல்லாதவன் காதிலும் கொண்டுபோய்ச் சேர்த்த சாதனங்களில் கிராமபோனும் ஒன்று. இத்தனைக்கும் அந்தத் தட்டுகளின் உயிர் நம் நாட்டு அரக்குத்தான். அரக்கும், கல் மாவும், கரியும் சேர்த்துப் பிசைந்து அழுத்தியதே அந்தக் கறுப்புத் தட்டு. கீழே விழுந்தால் உடையும். மேலே பெட்டி வைத்தால் விரியும். இரும்பு ஊசியால் நூறு முறை ஓட்டினால் தேயும்.

இவற்றைக் காப்பாற்ற முயன்றவர்களும் இருக்கிறார்கள். பம்பாயில் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்போர் சங்கமும், பெங்களூரில் விக்ரம் சம்பத் தொடங்கிய இந்திய இசைக் காப்பகமும், சென்னையில் 'சம்பிரதாயா'வும் செய்துள்ள பணி போற்றத் தக்கது. ஆனால் பரண்மேல் கிடக்கும் தட்டுகளின் கணக்கு எந்தச் சங்கத்திடமும் இல்லை. அவற்றை நம் வீட்டார்தான் காப்பாற்ற வேண்டும். எப்படிக் காப்பாற்றுவதென்று தெரிந்தும் செய்ய வேண்டும்.

*

இரும்பையில் நமது நண்பர் ஒருவர் இருக்கிறார். மின்கருவிகள் செய்வதில் கைதேர்ந்தவர். பட்டணத்துக் கடையின் பிரதியை அவரிடம் போட்டுக் காட்டினோம். அரை நிமிஷம் கேட்டார். பிறகு, "தட்டின்மேல் பிழை இல்லை. நடுவில் இருந்த பெட்டியின் பிழை" என்றார்.

நடுவில் இருந்த பெட்டி என்றது முன்பெருக்கியை. அதன் உத்தியோகம் இன்னதென்று கொஞ்சம் சொல்ல வேண்டும்.

தட்டில் உள்ள கோடு உழவுச் சால் போன்றது. அந்தச் சாலின் இரண்டு கரைகளும் பாடியவர் குரலுக்கேற்றபடி வளைந்து வளைந்து போகின்றன. ஊசி அந்த வளைவில் அசைகிறது. அசையும்போது ஊசியோடு சேர்ந்த சிறு காந்தம் ஒரு கம்பிச் சுருளின் பக்கத்தில் ஆடுகிறது. சுருளில் மின்சாரம் பிறக்கிறது. எவ்வளவு மின்சாரம்? ஒரு வோல்டில் ஆயிரத்தில் ஐந்து பங்கு, அதாவது 5 மில்லிவோல்ட். கைவிளக்கில் போடும் ஒரு சாதாரண பாட்டரியில் இதைப்போல் 300 மடங்கு இருக்கிறது. இந்த அற்ப மின்சாரத்தைத் தக்க அளவு பெருக்கி எண்மாற்றியிடம் ஒப்படைப்பது முன்பெருக்கியின் வேலை. எண்மாற்றியானது, படி பிடித்து நெல் அளப்பவனைப்போல், கணத்துக்குக் கணம் அந்த மின்சாரத்தை அளந்து எண்ணாக எழுதிவைக்கிறது. நண்பர் வைத்திருக்கும் எண்மாற்றி ஒரு விநாடிக்கு 96,000 தடவை அளக்கிறது. ஒவ்வொரு அளவையும் 24 பிட் எண்ணாக எழுதுகிறது.

பெருக்குவது மாத்திரம் வேலையாயிருந்தால் தொல்லை இல்லை. இன்னொரு வேலையும் முன்பெருக்கியின் தலையில் கட்டியிருக்கிறார்கள். அதை ஒரு கல்யாணப் பந்தியை வைத்து விளக்கலாம்.

பந்தியில் பருத்த மனிதர் ஒருவர் உட்கார்ந்தால் முழங்கையை அகட்டி அடுத்த இலைக்காரரை இடிப்பார். சிறு குழந்தை உட்கார்ந்தால் தலையே தெரியாது; பரிமாறுகிறவன் கவனிக்காமல் போய்விடுவான். ஆகவே பருத்தவரைச் சற்று ஒடுங்கி உட்காரச் சொல்லுகிறோம்; குழந்தைக்கு உயரமாய் ஒரு மணை போடுகிறோம். தட்டிலும் இப்படித்தான். கனத்த மந்தர ஒலி சாலை மிகவும் அகலமாய் வளைத்து அடுத்த சாலின் கரையை இடித்துவிடும். ஆகையால் பதியும்போது அதை ஒடுக்கிப் பதிகிறார்கள். மெல்லிய உச்ச ஒலி தட்டின் சரசரப்பில் மறைந்து போகும். ஆகையால் அதை உயர்த்திப் பதிகிறார்கள். திரும்பக் கேட்கும்போது முன்பெருக்கி பருத்தவரைத் தாராளமாய் உட்காரச் செய்து, குழந்தையின் மணையை எடுத்துவிட வேண்டும். அப்பொழுது எல்லாம் இயற்கை அளவுக்கு வந்துவிடும்.

எவ்வளவு ஒடுக்குவது, எவ்வளவு உயர்த்துவது என்பதற்கு 1954-ல் அமெரிக்க ஒலிப்பதிவாளர் சங்கம் ஒரு பிரமாணம் ஏற்படுத்திற்று. ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவு என்று அதற்குப் பெயர். பிற்பாடு உலகமெங்கும் நீண்ட நேரத் தட்டுகளுக்கு அதுவே சட்டமாயிற்று. இந்நாளில் கடையில் விற்கும் முன்பெருக்கிகள் பெரும்பாலும் இந்தச் சட்டத்துக்கே கட்டுப்பட்டவை.

ஆனால் நமது பாட்டனார் தட்டு வாங்கியது 1940-களில்! நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் அந்தக் காலத்துத் தட்டுகளுக்கு ஒரே சட்டம் இருந்ததில்லை. கம்பெனிக்குக் கம்பெனி, காலத்துக்குக் காலம் வேறுபாடு. மந்தர ஒலியை ஒடுக்கத் தொடங்குவது சிலர் கணக்கில் 250 ஹெர்ட்ஸ். வேறு சிலர் கணக்கில் வேறு. உச்ச ஒலியை உயர்த்தாமலே விட்டவர்கள் பலர். வளைவு இன்னதென்று தட்டின்மேல் எழுதிவைத்தவர் யாரும் இல்லை.

பட்டணத்துக் கடையில் என்ன நடந்தது என்பது இப்போது நேயர்களுக்கு விளங்கியிருக்கும். மணையே போடாத குழந்தையின் கீழிருந்து மணையை உருவினார்கள்! 4,000 ஹெர்ட்ஸில் உள்ள ஒலியை அந்த வளைவு பாதியாக்கிவிடும். 8,000 ஹெர்ட்ஸில் கால் பங்காக்கிவிடும். மனிதக் குரலிலே உயிரெழுத்துகளின் பலமெல்லாம் கீழ்ப் பகுதியில் இருக்கிறது. ஆனால் சகரத்தின் சீறலும், டகர தகரங்களின் வெடிப்பும் மேற்பகுதியில்தான் குடியிருக்கின்றன. மேற்பகுதியை வெட்டினால் ஆகாரம் நிற்கும், மெய்யெழுத்துகள் போய்விடும். "வாயில் பஞ்சு" என்று அத்தை சொன்னதற்கு விஞ்ஞானப் பொருள் இதுதான்.

போதாக்குறைக்கு, அவர்கள் உபயோகித்த ஊசியும் நீண்ட நேரத் தட்டுக்குரிய மெல்லிய ஊசி. பழைய தட்டின் சால் அகலமானது. அதற்கேற்ற ஊசியின் முனை சுமார் 70 மைக்ரோமீட்டர் பருமன் இருக்க வேண்டும். 20 மைக்ரோமீட்டர் ஊசியைப் போட்டால், அகலமான வாய்க்காலின் அடியில் உருளும் கூழாங்கல்லைப்போல் அது சேற்றிலே புரளுமே தவிர, கரைகளைத் தொடாது.

*

"அப்படியானால் பழைய வளைவுகளையெல்லாம் வைத்து, குமிழைத் திருப்பினால் வேண்டியது வருமாறு ஒரு பெட்டி செய்துவிடுங்களேன்" என்றோம்.

நண்பர் தலையசைத்து மறுத்தார். "எந்த வளைவு சரி என்று நமக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை யந்திரத்துக்குள்ளேயே வைத்துத் தீர்மானித்துவிட்டால் பிறகு மாற்ற முடியாது. தட்டோ விரிசல் கண்டது. பல முறை ஓட்ட முடியாது. ஆகையால் முன்பெருக்கி எந்த அபிப்பிராயமும் சொல்லாமல், வந்ததை வந்தபடியே பெருக்கிக் கொடுக்கட்டும். வளைவை அப்புறம் எண்களின்மேல் சாவகாசமாய்ப் போடுவோம். பிடிக்காவிட்டால் எடுத்துவிட்டு வேறொன்று போடுவோம்."

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு; அதை நண்பரே சொன்னார். பின்னால் எண்களில் மந்தர ஒலியை உயர்த்தும்போது எண்மாற்றியின் சொந்த இரைச்சலும் அங்கே கூடவே உயரும். சுமார் 20 டெசிபல் நஷ்டம். ஆனால் நல்ல எண்மாற்றியின் வீச்சு 110 டெசிபல் வரை இருக்கிறது. அரக்குத் தட்டிலோ பாட்டுக்கும் சரசரப்புக்கும் உள்ள தூரம் 40 டெசிபல் இருந்தாலே அதிகம். நூற்றுப்பத்து ரூபாய் வருமானமுள்ளவன் இருபது ரூபாயைத் தானம் செய்துவிட்டு, நாற்பது ரூபாயில் குடும்பம் நடத்துவதில் என்ன கஷ்டம்? நீண்ட நேரத் தட்டானால் வளைவு தெரிந்ததாகையால் முன்பெருக்கியிலேயே அதை வைத்துவிடுவதில் பிழையில்லை. தெரியாத தட்டுக்கு இதுவே வழி.

நண்பர் கட்டிய பெட்டி உள்ளங்கை அகலம்தான். 5532 என்று எண்ணிட்ட சில்லு ஒன்று. அதற்குள்ளே இரண்டு பெருக்கிகள், சாலின் கரைக்கு ஒன்றாக. ஊசித் தலைக்கு எதிரே வழக்கமான 47,000 ஓம் தடை. வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முனகல் உள்ளே நுழையாதபடி, இரண்டு 9 வோல்ட் பாட்டரிகளாலேயே ஓட்டினார். ஊசியிலிருந்து பெட்டிக்கு வரும் கம்பியை ஒரு முழத்துக்குள் அடக்கிவிட்டார். நாம் நீளக் கம்பி ஒன்று கொண்டுபோயிருந்தோம். அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது துணி உலர்த்த உதவும்" என்றார். கம்பி நீண்டால் அதன் மின்தேக்கமும் வளர்ந்து, ஊசித் தலையின் சுருளோடு சேர்ந்து உச்ச ஒலியைக் கெடுக்குமாம். மொத்தத் தேக்கம் 200 பிக்கோபாரடுக்குள் இருந்தால் அந்தக் கெடுதல் 16,000 ஹெர்ட்ஸுக்கு அருகில்தான் நேரும். நம் தட்டில் அவ்வளவு உயரத்தில் சங்கதி ஒன்றும் இல்லை. 400 ஆகிவிட்டால் கெடுதல் 11,000-க்கு இறங்கி வந்துவிடும்.

இவ்வளவு ஜாக்கிரதைக்குப் பிறகும் முதல் முயற்சி தோல்வியாகத்தான் முடிந்தது. புத்தகங்களில் சொல்லியபடி நூறு மடங்கு பெருக்கம் வைத்திருந்தார். 5 மில்லிவோல்ட் நூறு மடங்கானால் அரை வோல்ட், எண்மாற்றி 2 வோல்ட் வரை தாங்கும், போதாதா? போதவில்லை. பழைய தட்டுகளில் பாட்டே உரக்கப் பதிந்திருக்கும். அதன்மேல் விரிசல் வேறு. ஊசி விரிசலைத் தாண்டும் போதெல்லாம் ஒரு "டக்". அந்த "டக்"கில் மின்சாரம் பல மடங்கு குதிக்கும். நிமிஷத்துக்கு 78 தடவை, மூன்று நிமிஷப் பாட்டில் 234 தடவை! பால் காய்ச்சுகிற பாத்திரத்தில் முக்கால் அளவுதான் பால் ஊற்றுவார்கள். கழுத்துவரை ஊற்றினால் பொங்கி அடுப்பை அணைத்துவிடும். எண்மாற்றியிலும் பொங்கி வழிந்தது வழிந்ததுதான். அந்த இடத்து எண்கள் அத்தனையும் மொட்டையாகிவிட்டன. பக்கத்தில் இருந்த பாட்டின் சிகரங்களும் கூடவே மொட்டையாயின.

தட்டை மூன்று முறைக்குமேல் ஓட்டுவதில்லை என்று முன்பே தீர்மானித்திருந்தோம். ஒன்று வீணாயிற்று. நமக்கு உள்ளூரக் கலக்கம். நண்பர் ஒன்றும் பேசாமல் 10,000 ஓம் தடையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் 3,900 ஓம் தடையைப் பற்றவைத்தார். மறு தடை 100 ஓம். 3,900-ஐ 100-ஆல் வகுத்து ஒன்று கூட்டினால் 40. அதுதான் புதிய பெருக்கம். 5 மில்லிவோல்ட் இப்போது 200 மில்லிவோல்ட். மேலே பத்து மடங்கு குதிக்க இடம் இருக்கிறது. பாத்திரம் பெரிதாயிற்று, பால் பொங்கினாலும் வழியாது.

இரண்டாம் முறை சுற்றவிட்டோம். பழைய கிராமபோனில் ஊசித் தலை 100 கிராமுக்கு மேற்பட்ட பாரத்தோடு தட்டை உழும். இங்கே 4 கிராம். மூன்று நிமிஷமும் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எண்கள் எங்கும் மொட்டையாகவில்லை. இரண்டு கரைகளும் தனித்தனியே பதிவாகியிருந்தன. ஒரு கரை இரும்பு ஊசியால் தேய்ந்து கரகரத்தது. மற்றது அவ்வளவு தேயவில்லை. தேயாத கரையையே பிரதானமாய் எடுத்துக்கொள்ள முடிந்தது. பட்டணத்துக் கடையில் இரண்டையும் ஒன்றாய்க் கலந்து குழப்பியிருந்தார்கள். மூன்றாம் முறைக்கு அவசியம் ஏற்படவில்லை.

மூலப் பதிவு சுமார் 104 மெகாபைட். அதைத் தொடாமல் அப்படியே வைத்துவிட்டு, ஒரு நகலின்மேல் வேலையைத் தொடங்கினார் நண்பர். 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே மந்தரத்தை உயர்த்தினார். மேலே கை வைக்கவேயில்லை. 234 "டக்"குகளையும் ஒவ்வொன்றாய்க் கண்டு நீக்கினார். இதற்கு இரண்டு இரவுகள் பிடித்தன. வேகத்தையும் சோதித்தார். 78 சுற்றில் ஓடவேண்டியது 80-ல் ஓடினால் சுருதி ஒரு ஸ்வரஸ்தானத்தில் ஏறக்குறையப் பாதி ஏறிவிடும். கேட்பவர்களுக்குப் பாடகரின் வயதே குறைந்ததுபோல் தோன்றும்.

*

ஒரு வெள்ளிக்கிழமை மாலை அத்தையைத் திண்டிவனத்திலிருந்து அழைத்து வந்தோம். குயில்மொழி அம்மையைத் தரிசித்துவிட்டு நண்பர் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். நமது பேத்தி, ஒன்பது வயதுச் சிறுமி, அவர் மடியில் சாய்ந்திருந்தாள்.

பாட்டு ஆரம்பமாயிற்று. பஞ்சு போய்விட்டது. எதிரே நின்று ஒருவர் பாடுவதுபோலவே இருந்தது. சரசரப்பு இல்லாமல் இல்லை. அது ஓலைக் கூரைமேல் தூறல் விழுவதுபோல் பின்னால் நின்றது. அத்தை கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய விரல்கள் தாமாகவே தாளம் போட்டன.

திடீரென்று பேத்தி எழுந்து உட்கார்ந்து, "பாட்டி! அரிசி என்று பாடுகிறாரே!" என்றாள்.

எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் நமக்கு ஒரு சந்தேகம் தட்டிற்று. அந்த இடத்தை மறுபடியும் போடச் சொன்னோம். குழந்தையின் காது பொய் சொல்லவில்லை. "அரிசில்" என்ற சொல், சகரத்தின் சீறல் உட்படத் தெளிவாக விழுந்தது. கொஞ்சம் தள்ளி "மாகாளம்". நண்பர் வீட்டில் தேவாரப் புத்தகம் இருந்தது, புரட்டினோம். அரிசில் என்பது காவிரியிலிருந்து கிளைத்து ஓடும் அரிசிலாறு. அதன் கரையில் உள்ளது அம்பர் மாகாளம். இரண்டாம் திருமுறையிலேயே, இரும்பைப் பதிகத்துக்குச் சற்று முன்னால் அந்தப் பதிகம் இருக்கிறது. வழக்குத் தீர்ந்தது. தீர்ப்பு நமக்கு விரோதம்.

எழுபது வருஷத்துக்கு மேலாக நம் ஊர்ப் பாட்டு என்று பெருமை பேசிய பாட்டு நம் ஊருடையது அன்று. அத்தையின் முகத்தைப் பார்க்கவே நமக்குத் தயக்கமாயிருந்தது. அந்தச் சகரம் கேட்காமலே இருந்திருக்கக்கூடாதா என்றுகூட ஒரு கணம் தோன்றிற்று. பட்டணத்துக் கடையின் பெட்டி மழுக்கிவிட்டது. அந்த மழுக்கலில் நம் பெருமை பத்திரமாயிருந்தது. நண்பரின் பெட்டி இருந்ததை இருந்தபடி சொல்லிவிட்டது. அப்படிச் சொல்ல வேண்டுமென்றுதானே அதைக் கட்டச் சொன்னோம்?

அத்தை சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இன்னொரு தரம் போடு" என்றார். முழுவதும் கேட்டார். "குரல் இதுதான். அப்பா கேட்டது இந்தக் குரல்தான். ஆற்றங்கரை வேறாயிருந்தால் என்ன?" என்றார். கொஞ்சம் பொறுத்து, நம்மை நிமிர்ந்து பார்த்து, "அப்படியானால் நம் ஊர்ப் பதிகம் எந்தத் தட்டில் இருக்கிறது?" என்று கேட்டார்.

நமக்குப் பதில் தெரியவில்லை.

"பதில் தெரியாவிட்டால் பாடிப் பதியுங்களேன்! யந்திரம்தான் இங்கே இருக்கிறதே. இந்தப் பெண் பாட மாட்டாளா?" என்றார் அத்தை. பேத்தி அத்தையின் முந்தானைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டாள்.

நேயர்களின் பரண்களிலும் இப்படிப்பட்ட தட்டுகள் இருக்கலாம். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்காமல் செங்குத்தாய் நிறுத்தி வையுங்கள். ஸ்பிரிட்டினால் துடைக்காதீர்கள், அரக்கு கரைந்துவிடும். பழைய இரும்பு ஊசியால் ஆசைக்கு ஒரு முறைகூட ஓட்டிப் பார்க்காதீர்கள். பிரதி எடுக்கக் கொடுத்தால், "வளைவு எதுவும் போடாமல், இரண்டு கரைகளையும் தனித்தனியே பதிந்து, மூலப் பதிவை எங்களிடம் கொடுங்கள்" என்று கேட்டு வாங்குங்கள். அழகுபடுத்துவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நமக்குப் பின் வருகிறவர்களின் காது நம்முடையதைவிடக் கூர்மையாயிருக்கக்கூடும். அவர்கள் கேட்கவேண்டியதை நாம் முன்கூட்டியே வெட்டி எறிந்துவிடக்கூடாது.

பேத்திக்கு யதுகுல காம்போதி பாடம் ஆரம்பமாகியிருக்கிறது. திண்டிவனத்திலிருந்து அத்தை வாரந்தோறும் டெலிபோனில் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.